யாருடைய பிள்ளைக்கு இந்தச் சான்றிதழ்?

2023 மார்ச் 30. சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் 'பத்து தல' படம் ரிலீசான நாள். கையில் டிக்கெட்டோடு வந்த ஒரு நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே மறித்து நிறுத்தினார்கள். டிக்கெட்டைக் காட்டியும் விடவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்துப் போட, நாடே பார்த்தது. சத்தம் பெரிதான பிறகுதான் உள்ளே விட்டார்கள். அப்புறம் தியேட்டர் தரப்பிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. படத்துக்கு யு/ஏ சான்றிதழாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அனுமதிக்கச் சட்டத்தில் இடமில்லையாம். வந்தவர்களோடு 2, 6, 8, 10 வயதுப் பிள்ளைகள் இருந்தார்களாம். அதனால்தான் நிறுத்தினார்களாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஊழியர்கள் இருவர் மேல் வழக்குப் பதிவானது.

அந்த விளக்கத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். 1952ஆம் வருஷத்துச் சினிமாச் சட்டத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. 'ஏ' என்றால் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும். அதை மீறிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டினால் தியேட்டர்காரருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், லட்ச ரூபாய் வரை அபராதம். யு/ஏ அப்படிப்பட்டது இல்லை. அது எல்லாரும் பார்க்கக் கூடிய படம்தான். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பார்க்கலாமா வேண்டாமா என்பதைப் பெற்றவர்கள் யோசித்துக் கொள்ளட்டும் என்று ஓர் எச்சரிக்கை சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். முடிவு அப்பன் ஆத்தா கையில். அன்றைக்கு அந்த வாசலில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நின்றார்கள், முடிவும் எடுத்திருந்தார்கள். சட்டம் அவர்களைப் பெற்றோர் என்று ஒத்துக்கொள்கிறது. டிக்கெட் கிழிக்கிற கை ஒத்துக்கொள்ளவில்லை. யு/ஏ படங்களுக்கு நகரத்துக் குடும்பங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதை நாம் வாராவாரம் பார்க்கிறோம். அவர்களிடம் யாரும் பிள்ளையின் வயசைக் கேட்பதில்லை. நரிக்குறவர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் வந்ததே அந்த வருஷம் ஜனவரியில்தான். பட்டியலில் ஏறி மூன்று மாசம் ஆகியிருந்தது.

பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட ஒரு விதி, பிள்ளைகளை வெளியே தள்ள எப்படிப் பயன்பட்டது? இந்தக் கேள்விக்குப் பதில் அந்த வாசலில் மட்டும் இல்லை. இந்த விதிகள் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் தணிக்கை வாரியம் 1912இல் ஏற்பட்டது. 1913 முதல் யு, ஏ என்று இரண்டு வகையாகப் படங்களைப் பிரித்தார்கள். அங்கே அது குழந்தைகளை மனதில் வைத்துத் தொடங்கியது. அதே வெள்ளைக்காரன் இங்கே 1918இல் ஒரு சட்டம் போட்டான். 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் வந்தன. சென்னை வாரியத்துக்குப் போலீஸ் கமிஷனரே தலைவர். இந்தச் சட்டத்தில் வயது வாரியாகப் பிரிக்கிற ஏற்பாடு கிடையாது. ஏன் கிடையாது? நாட்டு மக்கள் மொத்தப் பேரையும் குழந்தைகளாகப் பார்த்தார்கள் என்பதால்தான். படிப்பறிவில்லாதவன், சட்டென்று உணர்ச்சிவசப்படுகிறவன், திரையில் பார்த்ததை நிஜம் என்று நம்புகிறவன் என்பதுதான் காலனி அதிகாரிகள் வரைந்து வைத்திருந்த சுதேசிப் பார்வையாளனின் படம். வெள்ளைக்காரப் பெண்ணைத் திரையில் கண்ட சுதேசிக்கு வெள்ளையர் மேல் மரியாதை போய்விடும் என்பது அவர்களுடைய பெரிய கவலை. 1927இல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். நாடு முழுக்கச் சுற்றி 353 சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை கொடுத்தார்கள். வக்கீல், அதிகாரி, முதலாளி, பள்ளிக்கூடத் துரை என்று அந்த விசாரணையில் நிறைந்திருந்தது மேல்தட்டின் குரல். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களைப் பற்றிப் பேச்சு நிறைய நடந்தது. பேசியது அவர்கள் இல்லை.

இந்தத் தணிக்கை முதலில் பாய்ந்த படங்களில் ஒன்று 1921இல் வந்த 'பக்த விதுர்'. மகாபாரதத்து விதுரனுக்குக் காந்தி குல்லாய் மாட்டியிருக்கிறது என்று சென்னையிலும் கராச்சியிலும் தடை செய்தார்கள். அதை இயக்கியவர் கான்ஜிபாய் ராத்தோட். அவர் தலித் குடும்பத்தில் பிறந்தவர் என்று திரைப்பட வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள். தேசியப் போராட்டக் கதையில் இந்தப் படத்தின் பேர் வரும். இயக்கியவரின் பிறப்பு வராது.

சர்க்கார் தணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு தணிக்கை நடந்துகொண்டிருந்தது. அதற்குச் சட்டமும் கிடையாது, வாரியமும் கிடையாது. மலையாளத்தின் முதல் படமான ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' 1930 வாக்கில் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது. பேருக்கு அர்த்தம் 'காணாமல் போன பிள்ளை'. அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி, ஒரு தலித் பெண். நம்ம வீட்டுப் பெண்ணாக இவள் நடிப்பதா என்று கல்லெறிந்து கலாட்டா செய்தார்கள். அந்தப் பெண் ஊரைவிட்டே ஓடித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து பேர் தெரியாமல் வாழ்ந்து முடித்தார். இந்தப் படத்தைச் சாதி அனுமதிக்கவில்லை. தணிக்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கல்லையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு 1949இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 'யு', 'ஏ' என்ற இரண்டு வகை அப்போதுதான் இந்தியாவுக்கு வந்தது. 1951இல் மத்தியத் தணிக்கை வாரியம், 1952இல் இப்போதைய சட்டம். எல்லாரையும் குழந்தை என்று பார்த்தவன் போய், பெரியவர் வேறு குழந்தை வேறு என்று பிரித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் 'குழந்தை' என்றால் எந்தக் குழந்தை என்று யாரும் கேட்கவில்லை.

ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி ஒன்று சொன்னார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான், உட்காரும் இடத்தை அங்கே பிறப்பை விடக் காசுதான் தீர்மானித்தது என்று. பெரிய உண்மை அது. கோயிலுக்குள் விடாதவன் கொட்டகைக்குள் விட்டான். ஆனால் எங்க ஊர்ப் பக்கத்து டூரிங் கொட்டகையில் அந்தக் கூரைக்குக் கீழேயும் ஊர் ஊராகத்தான் இருந்தது, சேரி சேரியாகத்தான் இருந்தது. பெஞ்சு டிக்கெட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டு போனால்கூட, "பண்ணையாள் மவன் பெஞ்சுல குந்துறானா" என்று ஒரு குரல் வரும். எங்க அத்தை சொல்லும்: "மண்ணைக் குவிச்சி மேடு கட்டி அதும்மேல குந்திக்குவோம்டா. பின்னாடி ஒருத்தன் காலால எத்தி மண்ணைக் கலைப்பான்." போஸ்டரில் 'ஏ' போட்டிருந்தால் எங்களை நிறுத்த ஒருத்தரும் கிடையாது. கொட்டகைக்காரருக்குத் தலைக்கு இத்தனை காசு வந்தால் போதும். வயசு கேட்க ஆள் இல்லாத கொட்டகையில் சாதி பார்க்க ஆள் இருந்தது.

இனி 1970க்கு வருவோம். குவாஜா அகமது அப்பாஸ் 'சார் ஷஹர் ஏக் கஹானி' என்று பதினாறு நிமிஷக் குறும்படம் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்கள். ஒரு பக்கம் பணக்காரன் மாளிகை, மறுபக்கம் அதைக் கட்டியவனின் குடிசை. பம்பாயின் சிவப்பு விளக்குத் தெருவும் சில நொடிகள் வரும். இதற்கு 'ஏ' கொடுத்தார்கள். அந்தத் தெருக் காட்சியை வெட்டினால் 'யு' தருகிறோம் என்றார்கள். அப்பாஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே அரசாங்கம் இறங்கி வந்து, வெட்டில்லாமலே 'யு' கொடுக்கத் தயார் என்றது. அப்பாஸ் விடவில்லை. தணிக்கை முறையே செல்லுமா என்று கேட்டார். தலைமை நீதிபதி இதயத்துல்லா தலைமையிலான அமர்வு, முன்தணிக்கை செல்லும், வயது வாரியாகப் பிரிப்பதும் சரியே என்று தீர்ப்புச் சொன்னது.

இந்த வழக்கைச் சட்டக் கல்லூரியில் கருத்துச் சுதந்திர வழக்காகப் படிக்கிறார்கள். நாம் வேறு ஒன்றைக் கேட்போம். அந்தத் தெருவில் பிறந்து அந்தத் தெருவிலேயே வளர்கிற பிள்ளைகள் இருந்தார்களே, அவர்களுக்கு எந்தச் சான்றிதழ்? அந்தத் தெருவைத் திரையில் பார்த்தால் குழந்தை கெட்டுப்போகும் என்று கவலைப்பட்ட அரசு, அந்தத் தெருவில் இருக்கிற குழந்தையைப் பற்றி என்ன கவலைப்பட்டது? சட்டம் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்த குழந்தை, அந்தத் தெருவைத் திரையில்தான் முதல்முறை பார்க்கப் போகிற குழந்தை.

அடுத்த திருத்தம் 1981இல் நிறைவேறி 1983 ஜூனில் அமலுக்கு வந்தது. யு/ஏ என்ற நடுவகையும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட தொழில்காரர்களுக்கு மட்டும் காட்டும் 'எஸ்' வகையும் சேர்ந்தன. 'தணிக்கை வாரியம்' என்ற பேர் 'சான்றிதழ் வாரியம்' என்று மாறியது. அமெரிக்காவிலும் இதே நேரத்தில் இந்த நடுவயதுச் சிக்கல் வந்தது. 1984இல் அங்கே பதிமூன்று வயதுக்காரர்களுக்கு ஒரு புது வகை உண்டாக்கக் காரணமான படங்களில் ஒன்று ஸ்பீல்பெர்க்கின் இரண்டாவது 'இண்டியானா ஜோன்ஸ்' படம். இந்தியாவில் நடப்பதாகச் சொல்லிக் கண்டியில் எடுத்தார்கள். நெஞ்சைக் கிழித்து இதயத்தைப் பிடுங்கும் காட்சியைப் பார்த்துத்தான் அங்கே பெற்றோர் பதறினார்கள். அதே படத்தில் சங்கிலி போட்டுச் சுரங்கத்தில் வேலை வாங்கப்படுகிற கருப்புத் தோல் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பதறிய சத்தம் நம் காதுக்கு எட்டவில்லை.

இப்போது நம்ம தமிழ்நாட்டுக் கதை. 1987இல் கவிஞர் வாலி கதை எழுதி, ஜோதிபாண்டியன் இயக்கிய 'ஒரே ஒரு கிராமத்திலே'. பார்ப்பனப் பெண் ஒருத்தி தாழ்த்தப்பட்ட சாதி என்று பொய்ச் சான்றிதழ் வாங்கி ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆகிறாள். இடஒதுக்கீடு சாதி பார்த்து வேண்டாம், பொருளாதாரம் பார்த்து வேண்டும் என்பது படத்தின் வாதம். பரிசீலனைக் குழு ஒருமனதாகச் சான்றிதழ் மறுத்தது. முதல் மறுபரிசீலனைக் குழுவில் எட்டுப் பேர் கொடுக்கலாம் என்றார்கள், ஒருவர் கூடாது என்றார். இரண்டாவது குழு வந்தது. ஐந்துக்கு நாலு. ஒரே ஓட்டில் 1987 டிசம்பர் 7இல் சில வெட்டுகளோடு 'யு' கிடைத்தது. எல்லா வயதினரும் பார்க்கலாம். சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1989 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொடுத்தது. கலவரம் வரும் என்று பயந்து கருத்தை அடக்கக் கூடாது என்றது. அந்தப் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

அந்தத் தீர்ப்பின் கருத்துச் சுதந்திரப் பகுதி நமக்கும் வேண்டியதுதான். கலவரம் வரும் என்று சொல்லி நம் படங்களைத்தான் அதிகம் நிறுத்துகிறார்கள். ஆகவே அதைத் தடை செய்திருக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. நான் கேட்பது 'யு' என்கிற அந்த ஒற்றை எழுத்தைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் ஸ்காலர்ஷிப் பாரத்தை நீட்டும்போதே, "கவர்மென்ட்டு மாப்பிள்ளைங்க வந்துட்டாங்கடா" என்ற பேச்சைக் கேட்டு வளர்கிறவர்கள் நம் பிள்ளைகள். சாதிச் சான்றிதழே ஒரு பித்தலாட்டம் என்று காட்டும் படத்தை அதே வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் பார்க்கலாம். இதனால் நம் பிள்ளைக்கு ஏற்படும் காயம் எந்த வகையில் வரும்? ரத்தம் வந்தால் வன்முறை, உடம்பு தெரிந்தால் ஆபாசம். அவமானத்துக்கு அளவுகோல் வைத்திருக்கிறார்களா? 1991 டிசம்பரில் வந்த வழிகாட்டு விதிகளில் இன, மத, 'பிற' குழுக்களை இழிவுபடுத்தக் கூடாது என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் சாதி என்ற சொல் இல்லை. 'பிற' என்பதற்குள் போய் நாம் ஒண்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்தாண்டில்தான் நாட்டாமைகளும் எஜமான்களும் பஞ்சாயத்து மேடையில் சொம்போடு உட்கார்ந்து 'குடும்பப் படம்' என்ற பேரில் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். அந்த மேடைக்குக் கீழே கைகட்டி நின்றது யார் என்று பார்த்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

எல்லா வயதுக் கட்டுப்பாடும் சூழ்ச்சி என்று சொல்ல வரவில்லை. பூலான் தேவியின் வாழ்க்கையை வைத்து 1994இல் சேகர் கபூர் எடுத்த 'பண்டிட் குவீன்' படத்துக்கு 'ஏ' கொடுத்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் அந்த 'ஏ' சான்றிதழை நிலைநிறுத்தியதும் சரியே. ஒரு கீழ்ச்சாதிப் பெண்ணை ஊரே சேர்ந்து சீரழித்ததைச் சின்னப் பிள்ளை பார்க்க வேண்டியதில்லை. பெரியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளும் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் பயம் உண்டு, ராத்திரியில் கெட்ட கனவு உண்டு. சின்ன வயசிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்பதற்காக எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்று நாமும் சொல்லக் கூடாது. குழந்தைப் பருவம் மேல்சாதிக்கு மட்டும் சொந்தமானதில்லை.

இப்போது புதுச்சட்டம். 2023 ஆகஸ்டில் வந்த திருத்தம் யு/ஏவை மூன்றாகப் பிரித்தது: 7+, 13+, 16+. 2024 மார்ச்சில் புது விதிகள் வந்தன. வாரியத்தில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். வரவேற்போம். தலித்துகளும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்று எதுவும் எழுதவில்லை.

இந்தப் புது ஏற்பாட்டில் வந்த இரண்டு படங்களைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அனந்த் மகாதேவன் இயக்கிய 'புலே'. ஜோதிராவ், சாவித்ரிபாய் இருவரின் கதை. வாரியம் 'யு' கொடுத்தது. குழந்தைகள் பார்க்கலாம். ஆனால் மகர், மாங் என்ற சாதிப் பேர்களை எடுக்கச் சொன்னது. பேஷ்வா ஆட்சி பற்றிய சொல்லையும், மனுவின் சாதி முறை என்பதையும் எடுக்கச் சொன்னது. 'மூவாயிரம் வருஷ அடிமைத்தனம்' என்பதைப் 'பல வருஷ' என்று மாற்றச் சொன்னது. மகாராஷ்டிரத்துப் பார்ப்பனச் சங்கங்களும் எதிர்ப்புக் கிளப்ப, புலே பிறந்த நாளான ஏப்ரல் 11இல் வர வேண்டிய படம் 25ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அதே ஆகஸ்டில் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' இந்தியில் 'தடக் 2' என்று வந்தது. பதினாறு மாற்றங்கள், யு/ஏ 16+. அதிலும் மூவாயிரம் வருஷப் பாக்கி எழுபது வருஷத்தில் தீராது என்ற வசனத்திலிருந்து அந்த மூவாயிரம் போய்விட்டது. இரண்டு படத்திலும் ஒரே எண்ணின் மேல் கத்தி விழுந்திருக்கிறது. கணக்கு யாருக்கோ உறுத்துகிறது.

புலே தம்பதியர் நடத்திய பள்ளியில் முக்தா என்று ஒரு சிறுமி படித்தாள். மாங் சாதி. 1855இல் அவள் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' பத்திரிகையில் வந்தது. மாங், மகர் மக்களின் துக்கத்தைப் பற்றிய கட்டுரை. சாதிப் பேர்கள் தலைப்பிலேயே இருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை தன் கையால் எழுதி அச்சில் ஏற்றிய சொல்லை, 170 வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்கக் கூடாது என்று எடுக்கச் சொல்கிறார்கள்.

அம்பேத்கர் 1901இல் கோரேகானுக்கு அப்பாவைப் பார்க்கப் போன பயணத்தைத் தானே எழுதி வைத்திருக்கிறார். ஸ்டேஷனில் இறங்கிய பிள்ளைகள் மகர் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற மறுத்தது, இரட்டைக் கூலி கொடுத்துத் தாங்களே வண்டி ஓட்டிப் போனது, ராத்திரி முழுக்கத் தண்ணி கிடைக்காமல் தவித்தது. அப்போது அவருக்கு வயது ஒன்பது. அதை உள்ளது உள்ளபடி, சாதிப் பேரோடு படமாக்கினால் இன்றைக்கு எத்தனை வயது போடுவார்கள்? அனுபவிக்க ஒன்பது வயது போதும். பார்க்கப் பதினாறு ஆக வேண்டுமா?

சான்றிதழ் ஒரு வழிகாட்டிதான், ஒத்துக்கொள்வோம். ஆனால் வழி காட்டுகிறவனுக்கு ஊர் மட்டும் தெரிந்து சேரி தெரியாவிட்டால் அது பாதி வழிதான். ஆகவே நாம் கேட்க வேண்டியது இவ்வளவு. வாரியத்திலும் மண்டல ஆலோசனைக் குழுக்களிலும் தலித்துகளும் பழங்குடியினரும் விதிப்படி இருக்க வேண்டும், யாரோ ஒருவரைக் காட்சிக்கு உட்கார வைப்பது போதாது. சாதி இழிவு என்பதை வன்முறை, ஆபாசம் போலத் தனித் தலைப்பாக வழிகாட்டு விதியில் எழுத வேண்டும். சாதியைக் காட்டுவது வேறு, சாதியால் இழிவுபடுத்துவது வேறு என்ற வித்தியாசத்தை அதில் தெளிவாக வைக்க வேண்டும். எந்த வயது, என்ன காரணம் என்று ஒவ்வொரு படத்துக்கும் மக்கள் மொழியில் நாலு வரி எழுதிப் போட வேண்டும். யு/ஏ என்றால் முடிவு பெற்றோருடையது என்று ஒவ்வொரு தியேட்டர் வாசலிலும் பலகை வைக்க வேண்டும்.

இதெல்லாம் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மாலைநேரப் பாடசாலை நடத்துகிற தோழர்கள், சேரிக்குள் படம் போடுகிற மாணவர்கள், எந்தப் படத்தை எந்த வயதுக்குக் காட்டுவது என்று உட்கார்ந்து நம் பட்டியலை நாமே போடுவோம். நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி'யை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, ஐந்தாம் வகுப்புக்கே காட்டலாமா? பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பையன் கடைசியில் கல்லை எடுக்கும்போது அவர்களுக்கு என்ன தோன்றும்? நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும், வரட்டும். பிள்ளையைப் பெற்ற தாய்மாரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்போம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, பெரியவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு, பிள்ளைகளைப் பேச விடுவோம்.